சபைத் தரையில் ஒன்பது கட்டம்

இரணியலுக்குத் தெற்கே ஒற்றைப்பனைவிளை என்று ஓர் ஊர். வார நாட்களில் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவ சபை. இரண்டுக்கும் அங்கே ஒரே கட்டடம்தான். ஜெயபாய் டீச்சர் அந்த ஊருக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டில் வேலைக்கு வந்தாள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. பத்து வருஷம் கழித்து அங்கே யாரைக் கேட்டிருந்தாலும் டீச்சரைத் தங்கம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் டீச்சருக்கு உடம்பு கூசும். ஏன் கூசும் என்பதுதான் இந்தக் கதை.

அன்றைக்குப் படிப்பு என்றால் பாட்டுத்தான். அ, ஆ, இ, ஈ என்று பிள்ளைகள் தொண்டை கிழிய ராகம் போடுவார்கள். வழியில் போகிறவர்கள் கேட்டுவிட்டு, "பிள்ளேளு நல்லாப் படிக்குது" என்று திருப்தியோடு போவார்கள். நடுவில் நிறுத்தி, பலகையில் ஓர் எழுத்தைத் தனியாக எழுதிக் காட்டி, இது என்ன என்று கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். பிள்ளைகள் திருதிருவென்று விழிக்கும். முதலிலிருந்து பாடிக்கொண்டே வந்து அந்த எழுத்தைப் பிடிக்கப் பார்க்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு வருஷத்தில் எப்படியோ எழுத்து பிடிபட்டுவிடும். மூன்று பேருக்குப் பிடிபடவே இல்லை.

ஒருத்தி நேசம்மாள். சபைக் குடும்பத்துப் பிள்ளை, ஏழு வயது, காற்றடித்தாலே பயப்படுகிறவள். இன்னொருவன் வைகுண்டராஜன், அய்யாவழிக் குடும்பம். மூன்றாவது செல்லக்கனி. எட்டு வயது. அவள் தகப்பன் பகவதியப்பன் பனையேறி. அதோடு குழந்தைகளுக்குப் பயம் தெளிய வேப்பிலை அடித்து மந்திரம் ஓதுகிறவர். சபைக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் மகளைப் பள்ளிக்கு அனுப்பினார். "மவ நாலெழுத்து படிச்சா எனக்க மந்திரத்தையெல்லாம் எழுதி வச்சுத் தருவா. எனக்கு இப்பமெல்லாம் மறதி" என்று சாயாக்கடையில் சொல்லிச் சிரித்தாராம். வேடிக்கைக்குச் சொன்ன பேச்சு. ஊர் அதை மறக்கவில்லை.

முதல் வருஷம் ஜெயபாயும் பிரம்பைத்தான் நம்பினாள். செல்லக்கனியின் உள்ளங்கை சிவந்தது; எழுத்து மட்டும் ஏறவில்லை. ஒருநாள் மத்தியானம் அதே செல்லக்கனி கட்டடத்தின் பின்னால் சில்லு விளையாடிக்கொண்டிருந்ததை டீச்சர் பார்த்தாள். தரையில் கட்டம் கீறி, உடைந்த ஓட்டுத் துண்டை எறிந்து, ஒற்றைக் காலில் நொண்டிச் சாடுகிற விளையாட்டு. பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு பத்துக் கட்டத்தையும் கோடு மிதிக்காமல் சாடினாள். எது யார் பிடித்த கட்டம், எதில் கால் வைக்கக் கூடாது என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். இத்தனை கட்டத்தை நினைவில் வைக்கிற பிள்ளைக்குப் பத்து எழுத்து எப்படி மறக்கும்? டீச்சர் அன்று பிரம்பைக் கையில் எடுக்கவில்லை.

மறுநாள் மணி அடித்த பிறகு மூன்று பேரையும் நிறுத்திக்கொண்டாள். பின்பக்கச் சுவருக்கும் மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்கும் இடையில் கட்டம் கீறி, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து எழுதினாள். சாடுகிறபோது எழுத்தைச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் ஆட்டம் போச்சு. நாலு நாளில் எழுத்து வந்துவிட்டது. பிறகு டீச்சர் சொல்லுகிற வார்த்தைக்குச் சாட வேண்டும். "பனை" என்றால் ப-வில் ஒரு சாட்டம், னை-யில் ஒரு சாட்டம். வைகுண்டராஜன் விழுந்து எழுந்தான். நேசம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தப் பிள்ளைக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே டீச்சருக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரு வாரம் போனதும் பிள்ளைகள் வார்த்தை சொல்ல, டீச்சர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நொண்டி அடித்தாள்.

நல்ல காரியம்தானே? பத்துப் பேர் பார்க்கச் செய்திருக்கலாம். ஆனால் ஜெயபாய்க்கு வெட்கம். சபைக்கும் பள்ளிக்கும் மேலாளர் ஞானசிங் உபதேசியார். அவர் கெட்ட மனுஷன் இல்லை, கண்டிப்பானவர். "விளையாட வீட்டு முத்தம் இருக்கு. இஞ்ச வாறது படிக்கியதுக்கு" என்று அவர் ஒருதரம் சொன்னது அவள் காதிலேயே இருந்தது. கலியாணம் ஆகாத பெண், அதுவும் டீச்சர், கெண்டைக்கால் தெரியச் சாடுகிறாள் என்று பேச்சு வந்தால் வேலை போய்விடும். நாகர்கோவிலில் தாயும் தங்கையும் அந்த வேலையை நம்பித்தான் இருந்தார்கள். அதனால் ஒளிந்து ஒளிந்தே விளையாடினாள். மூன்று பிள்ளைகளிடமும், "வெளிய சொல்லப்பிடாது மக்களே" என்று சொல்லி வைத்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது, ஆனி மாதம். ஒரு வெள்ளிக்கிழமை மழை விடாமல் பெய்தது. பின்பக்கம் முழங்கால் அளவு சேறு. பிள்ளைகள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. பிரசங்க பீடத்துக்கு முன்னால், பாய் விரிக்காத இடத்தில் கட்டம் கீறினாள். இடம் போதாததால் நீளமாகக் கீற முடியவில்லை; மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டம். வெள்ளைச் சுண்ணாம்புத் தரையில் சாக்குக்கட்டி தெரியாது. அதனால் கோட்டுக்கு அடுப்புக்கரி, எழுத்துக்குச் செங்கல் துண்டு. ப, ட, ம். க, ர, ல். ம, னை, ண்.

டீச்சர் படம் கேட்டாள், மரம் கேட்டாள், மண் கேட்டாள். பிறகு செல்லக்கனி யாரும் கேட்காமலே தானாகச் சாட ஆரம்பித்தாள். க-வில் ஒரு கால், ட-வில் ஒரு கால், ல்-லில் போய் நின்றாள். நின்றவள் அப்படியே வாயைப் பிளந்தாள்.

"டீச்சரே! கடலு வந்துட்டு!"

யாரும் சொல்லித்தராத ஒரு வார்த்தையை அந்தப் பிள்ளை தன் புத்தியாலே கண்டுபிடித்துவிட்டாள். ஜெயபாய் அவளைத் தூக்கிச் சுற்றினாள். அந்த நேரம் பார்த்து வெளியே உபதேசியாரின் இருமல் சத்தம். டீச்சர் பிள்ளைகளைப் பின்வாசல் வழியாகத் துரத்தி, கதவைப் பூட்டி, குடையை விரித்துக்கொண்டு ஒன்றும் நடக்காதவள் மாதிரி நடந்தாள். நாளைக் காலையில் வந்து துடைத்துவிடலாம் என்று நினைத்தாள். அவள் தங்கியிருந்த வீடு ஓடைக்கு அக்கரையில். சனிக்கிழமை ஓடையில் வெள்ளம், ஆள் இறங்க முடியாது. அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளம் வடிந்து அவள் வந்து சேரும்போது நேரமாகிவிட்டது. சபையார் எல்லோரும் உள்ளே உட்காராமல் வாசலில் கூடி நின்றார்கள். பெண்கள் தலையில் முக்காட்டை இழுத்துப் பிடித்திருந்தார்கள்.

"டீச்சரே, பாத்தியளா இந்த அநியாயத்த? சபைக்குள்ள சக்கரம் எழுதி வச்சிருக்கு!"

பாட்டன் பூட்டன் காலத்தில் பேய்க்கும் சூனியத்துக்கும் பயந்து பயந்து வாழ்ந்துவிட்டு, அதிலிருந்து தப்பி வந்தவர்கள் அவர்கள். கட்டம் கட்டமாகக் கீறி, ஒற்றை ஒற்றை எழுத்தாகச் சிவப்பில் எழுதியிருந்தால் அது மந்திரச் சக்கரம் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே கிடையாது. நடுக் கட்டத்தில் ஓட்டுத் துண்டு வேறு கிடந்தது. எழுத்தை ரத்தத்தில் எழுதியிருக்கிறது என்றாள் ஒருத்தி.

உபதேசியாருக்கு முகம் வெளிறிக் கிடந்தது. "எனக்க மவன் பத்து நாளா நெய்யூர் ஆஸ்பத்திரியில காய்ச்சலோட கெடக்கான். எதுனாலண்ணு இப்பமில்லா வெளங்குது" என்றார். பிறகு டீச்சரைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை பூட்டினது நீங்கதானே? அப்பம் இது உள்ள கெடந்துதா?"

சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். அது சக்கரம் இல்லை ஐயா, சில்லு, நான்தான் கீறினேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஜெயபாய் அத்தனை முகத்தையும் பார்த்தாள். பீடத்துக்கு முன்னால் தான் ஒற்றைக் காலில் சாடியதை அத்தனை பேரும் மனசுக்குள் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்ததும் அவளுக்கு நாக்கு புரண்டுவிட்டது.

"இல்ல ஐயா" என்றாள்.

பெண்கள் கூட்டத்திலிருந்து நேசம்மாளின் சின்னக் குரல் வந்தது. "டீச்சர், அது நம்ம..."

டீச்சர் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். வகுப்பில் சத்தம் போடுகிறவர்களைப் பார்க்கிற பார்வை. நேசம்மாள் தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மேற்கு ஜன்னலுக்குக் கொக்கி போடாமல் இருந்ததை ஒருவர் கண்டுபிடித்தார். சாயாக்கடையில் கேட்ட பேச்சை இன்னொருவர் எடுத்துச் சொன்னார். அதற்கு மேல் என்ன வேண்டும்? இரண்டு பேர் போய்ப் பகவதியப்பனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே செல்லக்கனி ஓடி வந்தாள். பகவதியப்பன் படியில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டு ஏறினார். தரையைப் பார்த்தார்.

"எனக்கு எழுத்தறியாது ஐயா. எனக்க மந்திரமெல்லாம் வாயில உள்ளது. இதுல என்ன எழுதியிருக்குண்ணே எனக்குத் தெரியாது."

"உமக்குத் தெரியாது. உம்ம மவளுக்குத் தெரியுமில்லா? ஏட்டி, இஞ்ச வா. இத வாசி, பாப்போம்" என்றார் உபதேசியார்.

செல்லக்கனி குனிந்து பார்த்தாள். பாடவில்லை. அ-விலிருந்து ஆரம்பிக்கவில்லை. விரலை நீட்டி ஒவ்வொன்றாகச் சொன்னாள். "ப... ட... ம்... க... ர... ல்..." பிறகு அவளாகவே, "கடல்" என்றாள். சொல்லிவிட்டு டீச்சரைப் பார்த்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது.

இரண்டு வருஷமாக ஜெயபாய் இந்தக் குரலுக்குத்தான் காத்திருந்தாள். இத்தனை பேர் முன்னால் தடுக்காமல் வாசித்த பிள்ளை. அள்ளிக் கட்டிக்கொள்ள வேண்டிய நேரத்தில் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கேட்டியளா? மளமளண்ணு சொல்லுதா! எழுதின ஆளு யாருண்ணு தெரிஞ்சு போச்சு" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"சொல்லுட்டி, எழுதினது யாரு?"

செல்லக்கனி டீச்சரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஜெயபாய் மூன்று தடவை வாயைத் திறக்கப் பார்த்து மூன்று தடவையும் மூடிக்கொண்டாள். பிள்ளையின் முகத்திலிருந்த சந்தோஷம் போய், கேள்வி வந்து, அதுவும் போனது. பிறகு அவள் தகப்பனின் காலைப் பார்த்தாள்.

பகவதியப்பன் மகளைப் பார்த்தார். "பிள்ள அறியாம செய்துட்டு ஐயா. நான் களுவித் தாறேன்" என்றார். கிணற்றிலிருந்து தண்ணீர் கோரிக்கொண்டு வந்து, தோளில் கிடந்த துவர்த்துத் துண்டால் அந்த ஒன்பது கட்டத்தையும் முட்டி போட்டுத் தேய்த்துக் கழுவினார். யாரும் ஒத்தாசைக்குப் போகவில்லை. கழுவி முடித்ததும் ஆராதனை நடந்தது. ஜெயபாயும் பாடினாள்.

அந்த வாரமே உபதேசியாரின் மகனுக்குக் காய்ச்சல் விட்டது. சக்கரம் அழிந்தது, பையன் பிழைத்தான் என்று ஊர் தீர்மானம் பண்ணிவிட்டது. இனிப் பகவதியப்பன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் எடுபடாது. அவரை ஓதக் கூப்பிட்டவர்கள் கூப்பிடாமலானார்கள். ஏறிக்கொண்டிருந்த பனைகளை உடைமைக்காரர்கள் வேறு ஆளுக்குக் கொடுத்தார்கள். ஆவணி பிறக்குமுன் அந்தக் குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிழக்கே எங்கேயோ போய்விட்டது. அதற்குள் இரண்டு தடவை ஜெயபாய் அவர்கள் வீட்டு வேலி வரைக்கும் போனாள். இரண்டு தடவையும் உள்ளே ஆள் அரவம் கேட்டதும் திரும்பிவிட்டாள்.

மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வைகுண்டராஜன் ஒரு வாரம், "சில்லு எப்பம் டீச்சர்?" என்று கேட்டான், பிறகு வராமல் நின்றுவிட்டான். நேசம்மாள் வந்தாள். ஆனால் டீச்சர் நிமிர்ந்து பார்த்தாலே சிலேட்டைக் கீழே போட்டாள். வந்த எழுத்தும் மறந்துபோய் அவளும் நின்றுவிட்டாள். வகுப்பில் மறுபடி பாட்டும் பிரம்பும். அடுத்த வருஷம் பரிசோதனைக்கு வந்த அதிகாரி, இந்தப் பள்ளியில் ஒழுக்கம் மெச்சத்தக்கது என்று எழுதிவிட்டுப் போனார். சபையில் அதை உரக்க வாசித்தார்கள். டீச்சருக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஏழு வருஷம் போயிற்று. முப்பத்தேழில் சபையில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடந்தது. கடைசி நாள் மத்தியானம், செய்த தப்பை எழுந்து ஒப்புக்கொண்டு சாட்சி சொல்லுகிற நேரம். ஒருவர் எழுந்து, சபைத் தோட்டத்துப் பலாப்பழத்தைத் திருடித் தின்றதாக அழுதார். இன்னொருத்தி மாமியாருக்கு உப்பில்லாத கறி கொடுத்ததை ஒப்புக்கொண்டாள். ஜெயபாய் எழுந்தாள். சில்லில் தொடங்கி, "இல்ல ஐயா" என்ற பொய்யையும், நேசம்மாளைப் பார்த்த பார்வையையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும், இப்போது கல்லெறிவார்கள் என்று நினைத்தாள்.

உபதேசியாருக்கு அப்போது தலை முழுக்க நரைத்திருந்தது. அவர்தான் முதலில் சிரித்தார்.

"இதையா டீச்சரே ஏழு வருஷமா மனசுல போட்டு வச்சிருந்திய? மக்குப் பிள்ளையளுக்கு விளையாட்டு காட்டிப் படிப்பிச்சது ஒரு குத்தமா? அண்ணைக்கே சொல்லியிருந்தா நாங்க சிரிச்சுட்டுப் போயிருப்போமே!"

எல்லோரும் சிரித்தார்கள். பகவதியப்பன் என்ற பெயரைக் கேட்டுச் சிலர், "பாவம், எங்க போனானோ" என்றார்கள். கூட்டம் முடிந்ததும் பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படி ஒரு மனசு யாருக்கு வரும், நீங்க தங்கம் டீச்சர் என்றார்கள். ஜெயபாய்க்கு அங்கேயே தரையில் விழுந்துவிடலாம் போல இருந்தது. வேலை போயிருக்காது. பேச்சு வந்திருக்காது. ஒரு சிரிப்பில் முடிந்து போகிற காரியத்துக்கு ஒரு குடும்பத்தைக் கொடுத்திருக்கிறாள்.

பகவதியப்பனைத் தேடி அவர் காலில் விழுந்தாவது சொல்லிவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தாள். விசாரிக்க விசாரிக்கத் துப்புக் கிடைத்தது. மகள் வடசேரிச் சந்தையில் ஓலைப்பெட்டி விற்கிறாளாம். அடுத்த சந்தை நாள் ஜெயபாய் பஸ் ஏறினாள்.

பதினைந்து வயதுப் பெண்ணாக, பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள் செல்லக்கனி. டீச்சருக்குத்தான் அடையாளம் தெரியவில்லை. அவள் உடனே எழுந்துவிட்டாள்.

"டீச்சரா? இருங்க டீச்சர், வெயில்ல நிக்காதீங்க." பெட்டியைக் கவிழ்த்து உட்காரச் சொன்னாள்.

"அப்பா எங்க மக்களே?"

"அப்பன் போயாச்சு டீச்சர். போன மாசியோட ரெண்டு வருசம்."

ஜெயபாய் உட்கார்ந்தாள். சந்தை இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "மக்களே, அண்ணைக்கு நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"நீங்க சொல்லுவியண்ணு பாத்துட்டே நிண்ணேன்" என்றாள் செல்லக்கனி. கோபமாகச் சொல்லவில்லை. "வீட்டுக்குப் போன பெறகு அப்பன்கிட்ட சொன்னேன் டீச்சர், கீறினது டீச்சருண்ணு. அண்ணைக்குத்தான் அப்பன் என்ன மொதமொதலா அடிச்சாரு. ‘டீச்சர் மேல பொய் சொல்லுதியாட்டி? அவிய கீறியிருந்தா, நம்மள அப்பிடி நிக்க வச்சுட்டு மிண்டாம பாத்துட்டு நிப்பாவளா?’ண்ணு கேட்டாரு. எத்தன தடவ சொல்லியும் நம்பல்ல. பெறகு நானும் சொல்லல்ல."

ஜெயபாய் வாயில் சேலைத் தலைப்பை அழுத்திக்கொண்டாள்.

செல்லக்கனி மடியில் ஒட்டியிருந்த ஓலைத் துணுக்குகளைத் தட்டிவிட்டு நேராக நின்றாள்.

"சாவுததுக்கு முந்தி அப்பன் ஒண்ணு சொன்னாரு. டீச்சர எங்கயாவது கண்டா, அவிய மேல நான் பொய் சொன்னதுக்கு அப்பன் மாப்பு கேட்டதாச் சொல்லணும்ணு சத்தியம் வாங்கினாரு." அவள் இரண்டு கையையும் கூப்பினாள். "கேட்டாச்சு டீச்சர்."